ஈக்களின் அதிபதியும் மனித சுபாவமும்

(நூற்பாலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய படிப்பு வட்டத்தில் தோழர் ஒருவர் ஆற்றிய உரை)

தோழர்களே!

சென்ற மாதம் ஒரு சாயங்காலம் சங்க ஆபீசில் உட்கார்ந்து சந்தா ரசீதுகளைச் சரிபார்த்துக் கொண்டிருந்தேன். நம் ஸ்பின்னிங் பகுதித் தோழர் ஒருவர் தம் மகளை அழைத்து வந்தார். கல்லூரியில் படிக்கிற பெண். கையில் ஓர் ஆங்கில நாவல் வைத்திருந்தாள்.

"மாமா, இந்தக் கதையில் எனக்குப் பரீட்சை. ரால்ப் என்றால் ஒழுங்கு, ஜாக் என்றால் காட்டுமிராண்டித்தனம், பிக்கி என்றால் அறிவு என்று வகுப்பில் எழுதிப் போட்டார்கள். மனுஷ சுபாவமே கெட்டது, கட்டுப்பாடு போய்விட்டால் ஒருவனை ஒருவன் கொன்று விடுவான், அதுதான் கதையின் சாரம் என்று முடித்தார்கள். அப்படியானால் நீங்களும் அப்பாவும் இத்தனை வருஷமாகச் சொல்கிற சமத்துவம் வரவே வராதா?" என்று கேட்டாள்.

அவளுடைய தகப்பனார் ஒன்றும் பேசவில்லை. என் முகத்தையே பார்த்துக் கொண்டிருந்தார். எனக்கும் சட்டென்று பதில் வரவில்லை. "புத்தகத்தைக் கொடு அம்மா, படித்துவிட்டுச் சொல்கிறேன்" என்றேன். நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். அகராதியைப் பக்கத்தில் வைத்துக் கொண்டு மூன்று வாரம் படித்தேன். அவளுக்குச் சொல்ல வேண்டிய பதிலை உங்கள் முன்னால் சொல்லலாம் என்று நினைத்தேன். ஏனெனில், "மனித சுபாவம் மாறாது" என்ற இந்தப் பேச்சை நாம் எல்லோருமே கேட்டிருக்கிறோம். கூலி உயர்வு கேட்டால் சொல்கிறார்கள். நிலம் கேட்டால் சொல்கிறார்கள். டீக்கடையில் நம் சொந்தத் தோழர்களே அலுத்துப் போய்ச் சொல்கிறார்கள்.

கதை

நாவலின் பெயர் 'லார்ட் ஆப் தி பிளைஸ்'. தமிழில் 'ஈக்களின் அதிபதி' என்று சொல்லலாம். எழுதியவர் வில்லியம் கோல்டிங் என்ற ஆங்கிலேயர். 1954-ம் ஆண்டில் வெளிவந்தது. 1983-ல் இவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அணுகுண்டு யுத்தம் மூண்டு விட்டது. இங்கிலாந்தின் பள்ளிச் சிறுவர்களைப் பத்திரமான இடத்துக்கு ஏற்றிச் சென்ற விமானம் விழுந்து நொறுங்குகிறது. ஜன நடமாட்டமில்லாத ஒரு தீவில் பையன்கள் மட்டும் மிஞ்சுகிறார்கள். பெரியவர் ஒருவர்கூட இல்லை. பழ மரங்கள் நிறைய இருக்கின்றன. நல்ல தண்ணீர் இருக்கிறது. காட்டுப் பன்றிகளும் இருக்கின்றன.

ரால்பும் பிக்கியும் ஒரு சங்கைக் கண்டெடுக்கிறார்கள். ரால்ப் அதை ஊத, சிதறிக் கிடந்த சிறுவர்கள் எல்லோரும் கூடுகிறார்கள். கை தூக்கி ஓட்டுப் போட்டு ரால்பைத் தலைவனாக்குகிறார்கள். சங்கு யார் கையில் இருக்கிறதோ அவன் பேசலாம், மற்றவர்கள் கேட்க வேண்டும் என்று விதி செய்கிறார்கள். மலை உச்சியில் தீ மூட்டிப் புகை எழுப்பினால் கப்பல் வந்து மீட்கும் என்று தீர்மானிக்கிறார்கள். பிக்கியின் மூக்குக் கண்ணாடியைக் கொண்டுதான் தீ உண்டாக்குகிறார்கள்.

ஜாக் என்பவன் கோயில் பாடகர் கோஷ்டியின் தலைவன். அவனுடைய கோஷ்டி வேட்டைக் குழு ஆகிறது. தீயைக் காக்க வேண்டியவர்கள் பன்றி வேட்டைக்குப் போய் விடுகிறார்கள். தீ அணைகிறது. அந்த நேரம் பார்த்துக் கப்பல் ஒன்று தூரத்தில் கடந்து போகிறது. சண்டை அங்கே ஆரம்பிக்கிறது. காட்டில் ஏதோ பூதம் இருக்கிறது என்ற பீதியும் சேர்ந்து கொள்கிறது. உண்மையில் அது பாராசூட்டில் வந்து விழுந்த ஒரு போர் வீரனின் பிணம். ஜாக் தனிக் கூட்டம் சேர்க்கிறான். முகத்தில் சாயம் பூசிக் கொள்கிறான், இறைச்சி விருந்து வைக்கிறான், பூதத்துக்குப் படையலாகப் பன்றித் தலையைக் கழியில் குத்தி நிறுத்துகிறான். ஈ மொய்க்கும் அந்தத் தலைதான் ஈக்களின் அதிபதி.

பூதம் இல்லை, அது வெறும் பிணம் என்று கண்டுபிடித்துச் சொல்ல ஓடி வருகிறான் சைமன் என்ற பையன். இருட்டு, இடி மழை, வெறியாட்டம். அவனையே பூதம் என்று அடித்துக் கொல்கிறார்கள். பிறகு பிக்கியின் கண்ணாடியைத் திருடுகிறார்கள். அதை நியாயம் கேட்டு வாங்க வந்த பிக்கியின் மேல் ரோஜர் என்பவன் பாறையை உருட்டி விடுகிறான். பிக்கி சாகிறான், சங்கும் சுக்கு நூறாகிறது. கடைசியில் ரால்பைப் பிடிக்கத் தீவுக்கே தீ வைக்கிறார்கள். அந்தப் புகையைக் கண்டு கடற்படைக் கப்பல் ஒன்று வருகிறது. ரால்ப் உயிர் தப்புகிறான், விக்கி விக்கி அழுகிறான். கதை முடிகிறது.

யார் எதற்கு அடையாளம்?

ரால்ப் ஒழுங்கு, ஜாக் காட்டுமிராண்டித்தனம், பிக்கி அறிவு, சைமன் நல்ல மனசு, ரோஜர் கொடுமை. வாத்தியார் எழுதிப் போட்டது தவறில்லை. ஆனால் அதோடு நிறுத்தினால், மனிதர்கள் மண் பொம்மைகள் மாதிரி ஆகி விடுவார்கள். கதைக்குள் இன்னும் கொஞ்சம் உற்றுப் பாருங்கள்.

முதலில் ஜாக். இவன் காட்டிலிருந்து வந்தவனா? இல்லை. கறுப்பு அங்கி, தொப்பி அணிந்து, இரண்டு வரிசையாக அணிவகுத்து வரும் கோஷ்டிக்கு உத்தரவு போட்டுக் கொண்டே கதைக்குள் நுழைகிறான். தலைவன் பதவி தனக்கே உரியது என்கிறான். காரணம், ஏற்கெனவே தான் தலைமை மாணவனாம். கட்டளையிடவும் கீழ்ப்படிய வைக்கவும் பள்ளிக்கூடத்திலேயே பழக்கப்பட்டவன். தீவு அவனுக்குப் புதிதாக எதையும் சொல்லிக் கொடுக்கவில்லை.

அடுத்து பிக்கி. ஆஸ்துமாக்காரன், குண்டன், மிட்டாய்க் கடை வைத்திருக்கும் அத்தை வளர்த்த பிள்ளை. அவன் பேசுகிற ஆங்கிலத்திலிருந்தே அவன் மற்றவர்களைவிடத் தாழ்ந்த நிலையிலிருந்து வந்தவன் என்று தெரிந்து விடுகிறது. எல்லோரையும்விட நன்றாக யோசிக்கிறவன் அவன்தான். ஆனால் அவன் வாயைத் திறந்தாலே சிரிக்கிறார்கள். பிக்கி என்பதே பன்றிக்குட்டி என்ற கேலிப் பெயர். அவனுடைய சொந்தப் பெயரைக் கதை முடியும் வரை யாரும் கேட்பதில்லை. அவன் கண்ணாடி எல்லோருக்கும் வேண்டும், அவன் யாருக்கும் வேண்டாம். தோழர்களே, இது எந்தக் காட்டின் சுபாவம்? நாடு நகரங்களில் நாம் தினமும் பார்க்கிற வர்க்க சுபாவம் அல்லவா?

ரோஜரைப் பற்றி ஓர் இடம் வருகிறது. ஆரம்பத்தில் அவன் ஒரு சின்னப் பையனைச் சுற்றிக் கல் எறிகிறான். ஆனால் மேலே படாதபடி எறிகிறான். பெற்றோர், பள்ளிக்கூடம், போலீஸ், சட்டம் என்ற பழைய வேலி அவன் கையை இன்னும் பிடித்துக் கொண்டிருக்கிறது. நாட்கள் போகின்றன. ஜாக் காரணம் சொல்லாமலே ஒருவனைக் கட்டி வைத்து அடிக்க உத்தரவிடுகிறான். அதற்குப் பிறகுதான் ரோஜர் பாறையை உருட்டுகிறான். அதாவது, அதிகாரத்தின் அனுமதி கிடைத்த பின்புதான் அவனுடைய கொடுமை கொலையாக மாறுகிறது. இதை ஆசிரியரே காட்டியிருக்கிறார். நாம்தான் கவனிக்க வேண்டும்.

கடைசியாக அந்தக் கடற்படை அதிகாரி. வெள்ளைவெளேரென்ற உடுப்போடு வந்து, ஆங்கிலேயப் பையன்கள் இன்னும் ஒழுங்காக நடந்திருக்க வேண்டாமா என்று கடிந்து கொள்கிறான். அவனுக்குப் பின்னால் யுத்தக் கப்பல் நிற்கிறது. இங்கே கழியால் செய்ததைப் பீரங்கியால் செய்யக் கிளம்பிய கப்பல் அது. பையன்களின் வேட்டையை நிறுத்தியவன் தன் வேட்டைக்குத் திரும்பிப் போவான். அவனை யார் வந்து மீட்பது?

எழுதியவர் யார்?

கோல்டிங்கைப் பிற்போக்காளர் என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடக் கூடாது. அவருடைய தகப்பனார் சோஷலிஸக் கருத்துள்ள பள்ளி ஆசிரியர். கோல்டிங்கும் ஆசிரியராக வேலை பார்த்தவர். பையன்கள் எப்படிப் பேசுவார்கள், எப்படி அடித்துக் கொள்வார்கள் என்று நேரில் அறிந்தவர். இரண்டாம் உலக யுத்தத்தில் கடற்படையில் சேர்ந்து, 1944-ம் ஆண்டு நார்மண்டித் தாக்குதலில் ராக்கெட் வீசும் படகு ஒன்றுக்குத் தலைமை தாங்கினார். யுத்தத்துக்கு முன் சமூகத்தைத் திருத்தினால் மனிதன் செம்மையடைவான் என்று நம்பியிருந்ததாகவும், ஹிட்லர் ஆட்சியையும் யுத்தத்தையும் பார்த்த பின் அந்த நம்பிக்கை போய்விட்டதாகவும் அவரே எழுதியிருக்கிறார்.

அவர் எதை எதிர்த்து எழுதினார் என்பதும் முக்கியம். 1857-ல் பாலன்டைன் என்பவர் 'பவளத் தீவு' என்று ஒரு கதை எழுதினார். அதிலும் ஆங்கிலேயப் பையன்கள் தீவில் ஒதுங்குகிறார்கள். அவர்கள் நல்லவர்கள், வீரர்கள். காட்டுமிராண்டிகள் எல்லோரும் தீவுகளின் சுதேசி மக்கள்தான். நம் நாட்டில் சிப்பாய்களும் விவசாயிகளும் ஆங்கிலேயரை எதிர்த்து எழுந்த அதே வருஷத்தில், ஆங்கிலேயப் பிள்ளைகளுக்கு இப்படிப்பட்ட கதை கொடுக்கப்பட்டது. கோல்டிங் இந்தப் பெருமையை உடைத்தார். காட்டுமிராண்டி வெளியில் இல்லை, உங்கள் சீமான் வீட்டுப் பிள்ளைக்குள்ளேயே இருக்கிறான் என்றார். அந்த மட்டில் அவருக்கு நன்றி சொல்வோம்.

ஆனால் அவர் ஒரு தவறு செய்தார். ஏகாதிபத்தியமும் பாசிஸமும் வளர்த்துவிட்ட குணத்தைப் பார்த்துவிட்டு, அது எல்லா மனிதர்களின் பிறவிக் குணம் என்று முடிவு கட்டினார். ஒரு வர்க்கத்துப் பள்ளிக்கூடத்துப் பையன்களைத் தீவில் இறக்கிவிட்டு, "இதோ மனித குலம்" என்றார். அந்தத் தீவில் ஒரு பெண் பிள்ளை உண்டா? தாயோடு சேர்ந்து நாற்று நட்ட பிள்ளை உண்டா? தம்பியை இடுப்பில் வைத்துக் கொண்டு அடுப்பு மூட்டிய பிள்ளை உண்டா? மனிதனின் சாரம் தனி மனிதனுக்குள் பிறவியிலேயே அடைபட்டுக் கிடப்பதல்ல, சமூக உறவுகளின் தொகுப்பே அது என்று 1845-ம் ஆண்டிலேயே மார்க்ஸ் குறித்து வைத்தார். உறவை மாற்றினால் சுபாவமும் மாறும்.

நடந்த கதை ஒன்று

இது வெறும் சித்தாந்தம் என்று சிலர் சொல்லலாம். நடந்ததைச் சொல்கிறேன்.

பசிபிக் கடலில் டோங்கா என்ற தீவு நாடு இருக்கிறது. 1965-ம் ஆண்டில் அங்கே பள்ளி விடுதியில் படித்த ஆறு பையன்கள் யாரிடமும் சொல்லாமல் ஒரு படகை எடுத்துக் கொண்டு கடலில் போனார்கள். புயலில் பாய் கிழிந்தது, சுக்கான் உடைந்தது. எட்டு நாள் மிதந்தார்கள். மழைத் தண்ணீரைச் சிரட்டையில் பிடித்து, ஆளுக்குக் கொஞ்சமாகக் குடித்தார்கள். கடைசியில் 'அட்டா' என்ற ஆளில்லாத் தீவில் ஒதுங்கினார்கள்.

பதினைந்து மாதம் அங்கே இருந்தார்கள். என்ன செய்தார்கள்? தீக் கடைந்து நெருப்பு உண்டாக்கி, ஒரு வருஷத்துக்கு மேலாக அதை அணையவிடாமல் காத்தார்கள். இரண்டிரண்டு பேராகப் பிரிந்து, தோட்டம், சமையல், காவல் என்று முறை வைத்துக் கொண்டார்கள். சண்டை வந்தால், சண்டை போட்ட இருவரும் ஆளுக்கொரு பக்கமாகப் போய்க் கோபம் தணிந்த பின் வந்து சமாதானம் ஆக வேண்டும். ஒருவன் பாறையிலிருந்து விழுந்து கால் ஒடிந்தது. மற்றவர்கள் குச்சியும் இலையும் வைத்துக் கட்டினார்கள். அவன் குணமாகும் வரை அவன் வேலையையும் தாங்களே பார்த்தார்கள். 1966 செப்டம்பரில் வார்னர் என்ற ஆஸ்திரேலியக் கப்பல்காரர் கண்டு மீட்டபோது ஆறு பேரும் நல்ல ஆரோக்கியத்தோடு இருந்தார்கள். ஒடிந்த காலும் நன்றாகக் கூடியிருந்தது. ஊருக்குத் திரும்பியதும் படகுத் திருட்டுக் குற்றத்துக்காகப் போலீஸ் அவர்களைப் பிடித்து அடைத்தது. வார்னர்தான் படகுக்காரருக்குப் பணம் கொடுத்து மீட்டார் என்பது வேறு கதை!

இன்னொன்றும் கேளுங்கள். அட்டா தீவில் ஏன் ஆளில்லை? முன்னே அங்கே மக்கள் வாழ்ந்தார்கள். 1863-ல் ஒரு கப்பல் வந்தது. பண்டமாற்று செய்யலாம் என்று ஆசை காட்டி, நூற்றுக்கு மேற்பட்டவர்களைக் கப்பலில் ஏற்றி, பெரு நாட்டின் அடிமை வியாபாரத்துக்குக் கடத்திக் கொண்டு போய் விட்டது. எஞ்சியவர்களை டோங்கா அரசர் வேறு தீவுக்குக் குடியேற்றினார். அந்த மக்கள் விட்டுப்போன கோழிகளின் வம்சமும், வாழையும், சேம்பும்தான் நூறு வருஷம் கழித்து இந்த ஆறு பையன்களைக் காப்பாற்றின. இப்போது சொல்லுங்கள், காட்டுமிராண்டி யார்? தீவில் சேம்பு நட்டவர்களா, கணக்குப் புத்தகமும் கப்பலும் வைத்துக் கொண்டு ஆள் பிடிக்க வந்தவர்களா?

ஆறு பையன்களைக் கொண்டு மனித குலத்தை அளக்க முடியுமா என்று கேட்டால், முடியாது. அவர்கள் முன்பே நண்பர்கள், கடலும் மண்ணும் அறிந்தவர்கள், கூடி ஜபம் செய்து பாட்டுப் பாடிப் பழகியவர்கள். நான் சொல்வதும் அதுதான். என்ன பழக்கத்தோடு, என்ன உறவோடு வந்தார்களோ அதுவே அவர்களைக் காத்தது.

போட்டியும் பொது வேலையும்

கோல்டிங்கின் நாவல் வெளிவந்த அதே 1954-ல் அமெரிக்காவில் ஓக்லஹோமா மாகாணத்தில், முசாபர் ஷெரிப் என்ற துருக்கியில் பிறந்த பேராசிரியர் 22 சிறுவர்களை முகாமுக்கு அழைத்துப் போய் இரண்டு அணியாகப் பிரித்தார். பதக்கமும் பேனாக்கத்தியும் ஜெயிக்கிற அணிக்கு மட்டும் என்றார். சில நாட்களில் ஓர் அணி மற்ற அணியின் கொடியைக் கொளுத்தியது, குடிலில் புகுந்து சூறையாடினார்கள். பிறகு தண்ணீர்க் குழாயில் அடைப்பு உண்டாக்கினார். இரண்டு அணியும் சேர்ந்துதான் சரி செய்ய வேண்டும். லாரி நின்று விட்டது. இரண்டு அணியும் சேர்ந்துதான் கயிறு கட்டி இழுக்க வேண்டும். இப்படிப் பல பொது வேலைகளுக்குப் பின் பகை கரைந்தது. அதே பையன்கள்தான், சுபாவம் ஒன்றேதான். ஒருவனுக்குக் கிடைத்தால் மற்றவனுக்கு இல்லை என்ற ஏற்பாடு ஒரு குணத்தை வளர்த்தது. எல்லோரும் இழுத்தால்தான் நகரும் என்ற ஏற்பாடு இன்னொரு குணத்தை வளர்த்தது. நிரந்தரத் தொழிலாளி, கான்டிராக்ட் தொழிலாளி, உள்ளூர்க்காரன், வெளி மாநிலத்தான் என்று நம்மை அணி பிரித்து வைப்பவர்களுக்கு இந்தக் கணக்கு நன்றாகத் தெரியும்.

நம்மைப் பற்றி

தோழர்களே, இத்தோடு முடித்தால் நீங்கள் கை தட்டிவிட்டுப் போய் விடுவீர்கள். ஆனால் இந்த நாவலில் ஓர் இடம் என்னைத் தூங்க விடவில்லை. அதைச் சொல்லாமல் போனால் நான் பொய் சொன்னவன் ஆவேன்.

சைமனைக் கொன்ற அந்த வட்டத்தில் ரால்பும் பிக்கியும்கூட இருந்தார்கள். ஒழுங்கும் அறிவும் அந்த வெறியாட்டத்தில் நின்றன. மறுநாள் ரால்ப், அது கொலை என்கிறான். பிக்கி, இருட்டு, மழை, எதிர்பாராமல் நடந்தது என்று சமாதானம் சொல்கிறான்.

இருபது வருஷத்துக்கு முன், நான் முழுநேர ஊழியனாக வந்த புதிதில், ஒரு மில்லில் நீண்ட நாள் வேலை நிறுத்தம். வீடுகளில் அடுப்பு எரியவில்லை. ஓர் இரவு பின்பக்கச் சுவரோரமாக ஓர் ஆள் நடந்து வந்தார். "கருங்காலி!" என்று யாரோ கத்தினார்கள். அவ்வளவுதான், பத்துப் பதினைந்து பேர் பாய்ந்தார்கள். விளக்கைக் கொண்டு வந்து பார்த்தால், கேண்டீனில் பாத்திரம் கழுவுகிற பெரியவர். உள்ளே விட்டுப்போன துணி மூட்டையை எடுத்துவரப் போனவர். தோள்பட்டை எலும்பு முறிந்து போயிற்று. நான் அடிக்கவில்லை. நிறுத்துங்கள் என்றும் சொல்லவில்லை. மறுநாள் கமிட்டிக்கு, "இருட்டில் அடையாளம் தெரியவில்லை" என்று அறிக்கை எழுதியவன் நான்தான்.

கமிட்டியின் மூத்த தோழர் ஒருவர் அந்த அறிக்கையைத் திருப்பிக் கொடுத்தார். "அடையாளம் தெரிந்திருந்தால் மட்டும் அடிக்கலாமா தம்பி?" என்று கேட்டார். எங்களை அந்தப் பெரியவர் வீட்டுக்கு அழைத்துப் போய் மன்னிப்புக் கேட்க வைத்தார். வைத்தியச் செலவுக்குக் கூட்டத்தில் துண்டு ஏந்தினார். அன்று முதல் ஒவ்வொரு கேட்டுக்கும் ஐந்து தொண்டர்கள், கையில் சிவப்புப் பட்டை, யார் மேலும் யாரும் கை வைக்கக் கூடாது, சந்தேகம் வந்தால் கமிட்டியிடம் சொல்ல வேண்டும் என்று விதி செய்தார். அந்த வேலை நிறுத்தம் முடியும் வரை இன்னொரு சம்பவம் நடக்கவில்லை. நாங்கள் அதே ஆட்கள்தான், பசியும் அதே பசிதான்.

ஆகவே, தொழிலாளி என்பதனாலேயே நமக்குள் ஜாக் வர மாட்டான் என்று நான் சொல்லவில்லை. பசியும் பீதியும் சேரும்போது வருவான். அவனைத் தடுப்பது எது? வெளியிலிருந்து வருகிற அதிகாரியா? நாமே கூடிச் செய்கிற விதி, நாமே பங்கிட்டுக் கொள்கிற வேலை. அவைதான் தடுக்கும்.

ரால்ப் தோற்ற காரணமும் அங்கேதான் இருக்கிறது. கூட்டம் போட்டான், தீர்மானம் போட்டான், சங்கும் ஊதினான். முதல் குடிசையைக் கட்ட எல்லோரும் வந்தார்கள். இரண்டாவதற்கு நாலு பேர். மூன்றாவதை அவனும் சைமனுமே கட்டினார்கள். சின்னப் பிள்ளைகளின் பயத்தைப் பெரியவர்கள் கேலி செய்தார்கள். அந்தப் பயத்தைத்தான் ஜாக் பிடித்துக் கொண்டான். ரால்பைத் தலைமையிலிருந்து நீக்க ஜாக் கேட்டபோது பகிரங்கமாக ஒருவனும் கை தூக்கவில்லை. ஆனால் பிறகு ஒவ்வொருவராக நழுவி அவனிடம் போய்ச் சேர்ந்தார்கள். அவனிடம் இறைச்சியும் இருந்தது, பயத்துக்கு ஒரு பதிலும் இருந்தது. டோங்காப் பையன்களிடம் சங்கு இல்லை, முறை இருந்தது. நம் கிளைக் கூட்டங்களை நினைத்துப் பாருங்கள். தீர்மானத்துக்கு நூறு கை. நோட்டீஸ் ஒட்ட எத்தனை கை?

நேற்று அந்தப் பெண்ணிடம் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தேன். "வாத்தியார் சொன்னதைப் பரீட்சையில் எழுது அம்மா, மார்க்கை விட்டு விடாதே. அதற்குக் கீழே, எந்தப் பள்ளிக்கூடத்துப் பையன்கள், யார் வளர்த்த பையன்கள் என்ற கேள்வியையும் எழுது. சமத்துவம் தானாக வந்து விடும் என்று உன் அப்பாவும் நானும் சொன்னதில்லை. கட்டினால்தான் வரும், கட்டிய பிறகும் காக்க வேண்டும்" என்றேன். "அப்படியானால் மூன்றாவது குடிசைக்கு நானும் வருகிறேன் மாமா" என்று சிரித்துக் கொண்டே போனாள்.

நம்மில் எத்தனை பேர் வருகிறோம், தோழர்களே? ஞாயிற்றுக்கிழமை நோட்டீஸ் வேலைக்கு இங்கே ஒரு காகிதம் வைத்திருக்கிறேன். இரண்டிரண்டு பேராகப் பெயர் எழுதிவிட்டுப் போகும்படி கேட்டுக் கொண்டு முடிக்கிறேன்.